ஒன்றின் கீழ் ஒன்று!

2024 கிறிஸ்துமஸ். அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் பதினோரு வயசுப் பையன் ஒருத்தன், கிஃப்ட்டா வந்த பேஸ்பால் கார்டு பாக்கெட்டைப் பிரிக்கிறான். உள்ளே தடிமனா ஒரு கார்டு. பால் ஸ்கீன்ஸ்ங்கிற பிட்சரோட படம், அவர் கையெழுத்து, கூடவே துணியில் செஞ்ச ஒரு பேட்ச். பக்கத்துல குட்டியா '1/1'னு ஒரு நம்பர்.

அந்த நம்பருக்கு அர்த்தம் என்ன தெரியுமா? உலகத்துலயே இந்த கார்டு இது ஒண்ணே ஒண்ணுதான்!

2024 மே 11-ம் தேதி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீமுக்காக ஸ்கீன்ஸ் தன்னோட முதல் மேஜர் லீக் மேட்ச்சை ஆடினப்போ, அவர் ஜெர்சியில இருந்த பேட்ச் அது. முதல் மேட்ச் ஆடுற புதுமுகங்களுக்கு 2023-லேர்ந்து இப்படி ஒரு ஸ்பெஷல் பேட்ச் உண்டு. மேட்ச் முடிஞ்சதும் அதைப் பிரிச்செடுத்து, கார்டுல பதிச்சு, ஏதோ ஒரு பாக்கெட்டுக்குள்ள போட்டு ஒட்டிடுவாங்க. அது எந்த ஊர் கடைக்குப் போகும், யார் கையில சிக்கும்னு யாருக்கும் தெரியாது. ஸ்கீன்ஸ் அந்த சீஸன்ல நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகமும் ஆயிட்டார். கேக்கணுமா? நாடே தேட ஆரம்பிச்சிருச்சு. பைரேட்ஸ் டீமே ஓப்பனா ஒரு ஆஃபர் விட்டுச்சு. கார்டைக் கொண்டுவந்து குடுத்தா, ஹோம் பிளேட்டுக்குப் பின்னாடி ரெண்டு சீட், 30 வருஷத்துக்கு!

பையன் என்ன பண்ணினான்? இருங்க பாஸ், சொல்றேன். அதுக்கு முன்னாடி, ஒரு அட்டைத் துண்டுக்கு எப்படி இவ்வளவு மவுசு வந்துச்சுன்னு பார்த்துடுவோம்.

பேஸ்பால் கார்டு நாம ஸ்கூல்ல பெஞ்சுக்கு அடியில ஆடின ட்ரம்ப் கார்டு மாதிரி இல்லை. முன்பக்கம் பிளேயர் படம், பின்பக்கம் அவரோட ரன், ஹோம் ரன் கணக்கு. அவ்வளவுதான் மேட்டர். ஆரம்பத்துல சிகரெட் பாக்கெட்ல வந்துச்சு. அப்புறம் சூயிங் கம்மோட வந்துச்சு. புரூக்ளின்ல இருந்த டாப்ஸ் கம்பெனி 1952-ல ஒரு பெரிய செட் போட்டாங்க. அதுல 311-வது கார்டு மிக்கி மேன்டில். அந்த வருஷக் கடைசி பேட்ச் கார்டுகள் கடைக்கு வர்றதுக்குள்ள சீஸன் முடியப் போகுது, பசங்க ஃபுட்பால் பக்கம் தாவிட்டாங்க. விக்காத பெட்டியெல்லாம் குடோன்ல தூங்குச்சு. 1960-ல, அந்த செட்டை டிசைன் பண்ணின சை பெர்கரே எல்லாத்தையும் படகுல ஏத்திட்டுப் போய் அட்லான்டிக் கடல்ல கொட்டிட்டு வந்துட்டார். இடத்தை அடைக்குதாம்!

அதே 311-வது கார்டு ஒண்ணு 2022 ஆகஸ்ட்ல ஏலம் போனது 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு. நம்ம காசுக்குக் கிட்டத்தட்ட 100 கோடி. தலை சுத்துதா? எனக்கும்தான்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், பழைய கார்டு அரிதானதுக்கு யாரும் பிளான் போடலை. பசங்க சைக்கிள் சக்கரத்துல சொருகிக் கிழிச்சாங்க, அம்மாக்கள் பழைய பேப்பரோட தூக்கிப் போட்டாங்க, மிச்சத்தைக் கடல் முழுங்குச்சு. தப்பிச்சது கொஞ்சம்.

80-கள்ல இந்த ரகசியம் ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. 'புள்ளைங்க காலேஜ் ஃபீஸுக்கு ஆகும்'னு பெரியவங்களே பெட்டி பெட்டியா வாங்கிப் பத்திரப்படுத்தினாங்க. கம்பெனிகளும் விடுவாங்களா? டாப்ஸ், ஃபிளீர், டான்ரஸ், 1989-ல அப்பர் டெக்னு போட்டி போட்டு அச்சடிச்சுத் தள்ளினாங்க. எல்லாரும் பத்திரமா வெச்சிருக்கிற பொருளுக்கு ஏதுங்க விலை? அந்தக் காலத்துக் கார்டுக்கு 'ஜங்க் வாக்ஸ்'னே பேர் வெச்சுட்டாங்க. மெழுகுத்தாள் குப்பை!

கம்பெனிகள் இதுலேர்ந்து கத்துக்கிட்டது ஒரே பாடம். அரிதா இருக்கிறது தானா நடக்கும்னு காத்திருக்கக் கூடாது, ஃபேக்டரியிலயே தயாரிச்சுடணும்.

1990-ல அப்பர் டெக், ரெஜி ஜாக்சன்கிட்ட 2,500 கார்டுல கையெழுத்து வாங்கிப் பாக்கெட்டுகளுக்குள்ள கலந்து விட்டாங்க. 1991-ல டான்ரஸ் 'எலீட்'னு ஒரு வரிசை விட்டு ஒவ்வொரு கார்டுலயும் 10,000-க்கு இத்தனாவதுன்னு நம்பர் போட்டாங்க. இப்படி செட்டுக்கு வெளியில, தனி டிசைன்ல, நடுவுல சொருகி வர்ற கார்டுக்குப் பேர் இன்சர்ட். பாரலல் வேற. அது செட்டுல இருக்கிற அதே கார்டுதான், அதே போட்டோதான். பார்டர் கலரோ பளபளப்போ மட்டும் மாறும், குறைவா அச்சடிப்பாங்க. 1992-ல டாப்ஸ் 'கோல்டு' விட்டாங்க. 1993-ல 'ரிஃப்ராக்டர்' வந்துச்சு, வெளிச்சத்துல சாய்ச்சா வானவில் அடிக்கும். 1997-ல ஃபிளீர் கம்பெனி 'மாஸ்டர்பீஸ்'னு ஒண்ணே ஒண்ணு அச்சடிச்சப்போ, கீழே இறங்கப் படியே இல்லை.

சொன்னா சொல்லிட்டுப் போங்க, எனக்கு இன்சர்ட் பிடிச்சிருக்கு. அதுல ஒரு ஆர்ட்டிஸ்ட் மூளையைக் கசக்கியிருக்கார். பாரலல்? ஒரே அசைன்மென்ட்டை முதல் பக்கம் மட்டும் மாத்தி வகுப்பே சப்மிட் பண்ணுவோமே, அந்த ரகம்! ஆனா அதுக்குத்தான் அங்கே வெறி. போமேன் குரோம்னு ஒரு வரிசையில ப்ளூ 150, கோல்டு 50, ஆரஞ்சு 25, ரெட் 5, கடைசியா சூப்பர்ஃபிராக்டர் ஒண்ணே ஒண்ணு. ஒரே பிளேயரோட ஒரே கார்டை இத்தனை கலர்லயும் சேர்க்கிறதுக்கு 'ரெயின்போ'ன்னு பேர். அந்த ஒண்ணு வேற யார்கிட்டயாவது இருந்தா உங்க வானவில்லுக்கு ஆயுசுக்கும் ஒரு கலர் குறையும். இது போதாதுன்னு அச்சடிச்ச உலோகத் தகட்டையும் விட்டு வைக்கலை. நாலு கலருக்கு நாலு தகடு, நாலும் '1/1'. பாக்கெட்ல போடு!

சரி, கணக்குக்கு வருவோம். (இன்ஜினீயரிங் படிக்கிறதுக்கு இதாவது உதவட்டும்.) பாக்கெட் மேலயே '1:24'னு அச்சடிச்சிருப்பாங்க, அதாவது 24 பாக்கெட்டுக்கு ஒரு இன்சர்ட். 24 வாங்கினா நிச்சயம் ஒண்ணு வரும்னுதானே நினைப்பீங்க? ஒழுங்கே இல்லாம குலுக்கிப் போட்டா, 24 பிரிச்சும் ஒண்ணும் கிடைக்காம போக 36 சதவிகித வாய்ப்பு இருக்கு! இன்னொண்ணு. 50 கார்டு இருக்கிற செட்டை, ஒவ்வொண்ணா எது வருமோ வரட்டும்னு வாங்கி முடிக்கணும்னா சராசரியா 225 கார்டு வாங்கணும். கடைசி ஒரே ஒரு கார்டுக்கு மட்டும் அதுல 50. கால்குலேட்டர்ல ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன், மாறலை.

கணக்கு தெரிஞ்ச சில பேர் வேற வழி கண்டுபிடிச்சாங்க. ஜெர்சித் துணி வெச்ச கார்டு தடிமனா இருக்கும் இல்லையா? கடைக்குத் தராசு கொண்டுபோய், கனமான பாக்கெட்டை மட்டும் பொறுக்கிட்டு வந்துட்டாங்க! கம்பெனிக்காரங்க பதிலுக்குச் சாதாரண பாக்கெட்ல தடிமனான வெத்து அட்டையைச் சொருகினாங்க. கில்லாடிக்குக் கில்லாடி.

சிரிக்க முடியாத கதையும் இருக்கு. பேப் ரூத், அவங்களுக்குக் கடவுள் மாதிரி. அவர் போட்டு ஆடின ஜெர்சி மிஞ்சியிருக்கிறதே சிலதுதான். அதுல ஒண்ணை டான்ரஸ் 2 லட்சத்து 64 ஆயிரம் டாலர் சொச்சத்துக்கு வாங்கி, 2003-ல கத்திரிக்கோல் போட்டாங்க. துண்டு துண்டா வெட்டிக் கார்டுல ஒட்டி வித்தாச்சு. மியூசியத்துல இருக்க வேண்டியதுன்னு ரசிகர்கள் கத்தினது வீண்.

'இது கார்டா, லாட்டரியா?'ன்னு கேஸும் போட்டாங்க. 2002-ல அப்பீல் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, ஆசைப்பட்ட இன்சர்ட் கிடைக்காத ஏமாற்றத்தைச் சொத்து நஷ்டமா எடுத்துக்க முடியாது, காசு குடுத்த பாக்கெட் கைக்கு வந்துருச்சே! சூதாட்டமா இல்லையாங்கிற கேள்வி அப்படியே நிக்குது.

பணம் பார்த்தவங்க இருக்காங்க. மைக் ட்ரௌட் கையெழுத்துப் போட்ட 2009 சூப்பர்ஃபிராக்டரை 2018-ல ஒருத்தர் 4 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2020 ஆகஸ்ட்ல 39 லட்சத்துக்கு மேல வித்தார். இந்த மாதிரி நியூஸைப் படிச்சுட்டுத்தான் இன்னொரு பெட்டி வாங்க ஓடுறாங்க. ஆனா விவரமான கலெக்டர்கள் பாக்கெட்டே பிரிக்கிறதில்லை. பிடிச்ச ஒரு பிளேயரை முடிவு பண்ணிட்டு, யாரோ பிரிச்சு வேண்டாம்னு விக்கிறதைத் தனிக் கார்டா வாங்கிக்கிறாங்க. அப்படிப் பார்த்தா பல நல்ல இன்சர்ட் ஒரு டாலருக்கே கிடைக்குது. த்ரில்தான் மிஸ்ஸிங்.

ஓகே, அந்தப் பையன்! பைரேட்ஸ் ஆஃபரை அவன் குடும்பம் ஏத்துக்கலை. 2025 மார்ச்ல கார்டு ஏலத்துக்கு வந்துச்சு. 11 லட்சத்து 10 ஆயிரம் டாலர், அதாவது ஒன்பதரைக் கோடி ரூபாய்க்கும் மேல! வாங்கினது டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ்ங்கிற விளையாட்டுப் பொருள் கடைக்காரங்க. பணம் பசங்க படிப்புக்கு, ஒரு பங்கு லாஸ் ஏஞ்சலீஸ் காட்டுத்தீ நிவாரணத்துக்குன்னு குடும்பத்துல சொன்னாங்க.

ஹாஸ்டல்ல இந்தக் கதையைச் சொன்னதும் ரூம்மேட் பேப்பர் எடுத்துட்டான். "வருஷத்துக்கு 81 ஹோம் மேட்ச், 30 வருஷம், ரெண்டு சீட். 4,860 டிக்கெட்டுடா மச்சி! வேணாம்னுட்டானே!"

"அவன் வீட்டுலேர்ந்து அந்த கிரவுண்டு 3,400 கிலோமீட்டர்டா."

"சரி, நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

வித்திருப்பேன். ஆனா ஒரே ஒரு ராத்திரி தலையணைக்கு அடியில வெச்சுத் தூங்கிட்டு.