கதவைத் திறந்தால் நீளும் ஓசை

சிங்கப்பூரின் மரீனா விரிகுடாக் கரையில், மேலெல்லாம் முள்ளாக இரண்டு பெரிய கூரைகள் தெரியும். உள்ளூர்க்காரர்கள் அந்தக் கட்டடத்துக்கு வைத்த பெயர், முள் நிறைந்த பழமான டுரியான். 2002 அக்டோபரில் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் கலை அரங்கம் அது. பழத்தைப் பார்த்து அதை வரையவில்லை; அந்த முள் வெயிலால் முளைத்தது. 1994-இல் மக்களுக்குக் காட்டிய மாதிரியில் இருந்தவை வெறும் கண்ணாடிக் கூரைகள். பூமத்திய ரேகையை ஒட்டிய ஊரில் ஆட்களைக் கண்ணாடிக்குள் உட்கார வைத்தால் வெந்துவிட மாட்டார்களா என்று கேள்வி எழுந்தது. டிபி ஆர்க்கிடெக்ட்ஸ் நிறுவனமும் லண்டனின் மைக்கேல் வில்ஃபோர்டு நிறுவனமும் வடிவமைத்த அந்தக் கட்டடத்துக்குப் பின்னர் 7,000-க்கும் மேற்பட்ட அலுமினிய முக்கோணங்கள் வந்து சேர்ந்தன. வெயில் விழும் திசைக்கேற்ப அவற்றின் சாய்வு இடத்துக்கு இடம் மாறும்.

சுற்றுலா வருபவர்கள் முள்ளைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சங்கதி உள்ளேதான் இருக்கிறது.

கையைத் தட்டினால் அந்தச் சத்தம் சுவரிலும் கூரையிலும் மோதி மோதித் தேய்ந்து அடங்கச் சற்று நேரம் பிடிக்கும். இதுதான் எதிர்முழக்கம். அதை முதலில் முறையாக அளந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சே புரியவில்லை என்று அவரைக் கூப்பிட்டார்கள். பேசிய சொல் அடங்க அங்கே ஐந்தரை நொடி ஆனது. அதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் வந்து மேலே விழுந்தன. பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கிவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு நேரம் குறைகிறது என்று அவர் குறித்துக்கொண்டார். கூடத்தின் கொள்ளளவு கூடினால் ஓசை நீளும். மெத்தையும் திரையும் மனித உடலும் கூடினால் சுருங்கும். அரங்க ஒலியியலின் அடிப்படைச் சூத்திரம் அங்கிருந்து பிறந்தது.

சிக்கல் என்னவென்றால், எல்லாக் கலைக்கும் ஒரே அளவு ஒத்துவராது. மேற்கத்திய சிம்பொனிக்கு ஏறக்குறைய இரண்டு நொடி நீட்சி வேண்டும். பேச்சுக்கு ஒரு நொடியே தாராளம். சிம்பொனிக்காகக் கட்டிய கூடத்தில் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் நடந்தால், வேகம் கூடக் கூடச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிப்போகும். எஸ்பிளனேடிலோ சிம்பொனியும் உண்டு, ஆண்டுதோறும் கலா உத்சவம் என்ற இந்தியக் கலைவிழாவும் உண்டு.

ஒலியியல் வடிவமைப்பாளர் ரஸ்ஸல் ஜான்சன் கண்ட வழி, கூடத்தின் கொள்ளளவையே மாற்றுவது. சுமார் 1,600 பேர் அமரும் இசை அரங்கின் மேற்சுவர்களுக்குப் பின்னால் காலியான கான்கிரீட் அறைகள் இருக்கின்றன. அவற்றின் கதவுகள் டன் கணக்கில் எடையுள்ளவை. திறந்தால் ஓசை அறைக்குள் போய்ச் சுற்றித் தாமதமாகத் திரும்பும். மூடினால் கூடம் சிறுத்துவிடும். மேடைக்கு மேல் மூன்று துண்டான பெரிய விதானம் ஏறி இறங்கும். அதைத் தாழ்த்தினால் வாசிப்பவர்களில் ஒருவர் வாசிப்பது மற்றவருக்குத் தெளிவாகக் கேட்கும். ஒலிபெருக்கி வைத்த கச்சேரி என்றால் கனத்த திரைகள் இறங்கி மிச்ச ஓசையை விழுங்கும். மேடைக்குப் பின்னால் நிற்கும் குழாய் ஆர்கனைப் பார்த்து வாய்பிளப்பவர்கள் உண்டு. உண்மையில் அங்கே பெரிய வாத்தியம் அந்தக் கூடம்தான்.

குளிர்சாதனம் இத்தகைய அரங்குகளில் தனித் தலைவலி. காற்றை வேகமாக விட்டால் சீறும். அகலமான குழாய்களில் மெல்ல விடுவார்கள்.

பக்கத்துக் கூரையின் கீழ் இருக்கும் நாடக அரங்கில் இருக்கைகள் சுமார் 2,000. லாட வடிவில் அடுக்கடுக்காக ஏறுகின்றன. இங்கே வித்தை மேடைக்கு மேலே. பார்வையாளர் கண்ணில் படாத உயரமான கோபுரத்தில் வரிசையாகக் கம்பிகள் தொங்கும். ஒரு முழு மாளிகைக் காட்சியை அப்படியே மேலே தூக்கி, அடுத்த காட்சியை இறக்கிவிடலாம். கம்பெனி நாடகக் காலத்தில் படுதாவைக் கயிற்றில் சுருட்டி ஏற்றியதும் இதே வேலைதான். அன்று அதற்கு ஆள்பலம் வேண்டியிருந்தது. இன்று எதிர் எடையும் மோட்டாரும் பார்த்துக்கொள்கின்றன.

இத்தனையும் இருந்தும் ஒரு குறை வெகுகாலம் நீடித்தது. பெரிய அரங்குகள் இரண்டை விட்டால் இருந்தவை இருநூற்றுச் சொச்சம் பேர் அமரும் சிறு கூடங்கள்தான். உள்ளூர் நாடகக் குழுக்களுக்கு முன்னது நிரம்பாது, பின்னது போதாது. நடுத்தர அரங்கம் ஆரம்பத் திட்டத்திலேயே இருந்தும் தள்ளிப்போனது. சுமார் 600 பேர் கொள்ளும் நீர்முக அரங்கம் திறந்தது 2022-இல்.