மென்மை எங்கே குடிபோனது?

தைக்கூடம் பிரிட்ஜ் ரசிகர்களில் இரண்டு கட்சி உண்டு. ‘நவரசம்’ தொகுப்போடு அந்தக் குழுவின் கதை முடிந்தது, பிறகு வந்ததெல்லாம் இரைச்சல் என்பது ஒரு கட்சி. ‘நமஹ’ வந்த பிறகுதான் இவர்கள் உலக மேடைக்கு ஏற்றவர்கள் ஆனார்கள் என்பது மறு கட்சி. எங்கள் காந்தலூரில் இரண்டுக்கும் ஆள் இருக்கிறது. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டும் பையன்கள் பெரும்பாலும் ‘நமஹ’ கட்சி. நாற்பதைத் தொட்டவர்கள் ‘நவரசம்’ கட்சி. இரண்டு பேரும் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் சண்டை போடுகிறார்கள் என்பது என் எண்ணம். அதைச் சொல்வதற்கு முன், கொச்சியில் பிறந்த ஒரு ராக் குழுவுக்கு இந்த மலையில் என்ன வேலை என்று சொல்லிவிட வேண்டும்.

காந்தலூர் இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். மறையூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி, காந்தலூர் ஆகிய ஐந்தும் சேர்ந்தது அஞ்சுநாடு. வீட்டில் பேசுவது தமிழ். பஞ்சாயத்து ஆபீஸ் காகிதம் மலையாளத்தில் வரும். பெரிய சாமான் வாங்க சின்னார் சோதனைச்சாவடி தாண்டி உடுமலைப்பேட்டைக்குப் போவோம். ரேஷன் கார்டு கேரளத்துடையது. கொடைக்கானல் பண்பலையில் இளையராஜா கேட்டு வளர்ந்த அதே காதுக்குத்தான் டிவியில் மலையாள இசையமைப்பாளர்கள் ஜான்சனும் ரவீந்திரனும் வந்து சேர்ந்தார்கள். ஒரே பாட்டுக்குள் மொழி மாறினால் இங்கே யாரும் திடுக்கிட மாட்டார்கள். தமிழ், மலையாளம், இந்தி என்று கலந்து பாடும் ஒரு குழு எங்களுக்குச் சட்டென்று சொந்தமாகிவிட்டதில் அதிசயம் இல்லை.

கேரள ராக் இசைக்கு இவர்களுக்கு முன்பே நீண்ட வரலாறு இருக்கிறது. 1977இல் கொச்சியில் தொடங்கிய ‘13 ஏடி’ ஆங்கிலத்தில் பாடியது. ‘மதர்ஜேன்’ குழுவில் பைஜு தர்மஜன் எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக கமகம் வாசித்தார். 2008இல் வந்த அவர்களுடைய ‘மக்தூப்’ தொகுப்பை இன்றைக்குக் கேட்டாலும் புதிதாகத்தான் இருக்கிறது. அதே 2008இல் ‘அவியல்’ குழு முழுக்க மலையாளத்தில் ஒரு ராக் தொகுப்பைக் கொண்டுவந்தது. நாராயண குருவின் குண்டலினிப் பாட்டுக்கு அதில் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து கேட்டபோது நாங்கள் அசந்துபோனோம். அவர்களுடைய அடுத்த முழுத் தொகுப்புக்காக வருடக் கணக்கில் காத்திருந்தோம். அது வரவில்லை. கிட்டார் வாசித்த ரெக்ஸ் விஜயன் திரைப்படங்களுக்கு இசையமைக்கப் போய்விட்டார். மாறுவதற்குக்கூட அந்தக் குழு எங்களுக்கு இன்னொரு தொகுப்பு தரவில்லை. அந்த ஏக்கத்தோடு இருந்தவர்களுக்குத்தான் 2013இல் தைக்கூடம் பிரிட்ஜ் கிடைத்தது.

மாத்ருபூமி நிறுவனத்தின் கப்பா டிவியில் ‘மியூசிக் மோஜோ’ என்றொரு நிகழ்ச்சி. அதில் ஒரு கூட்டமே மேடையேறியது. வயலினும் கையுமாக கோவிந்த் மேனன். இன்றைக்குத் தமிழ்நாடு அவரை கோவிந்த் வசந்தா என்று அறியும். கிட்டாரில் மிதுன் ராஜுவும் அசோக் நெல்சனும், பேஸ் கிட்டாரில் வியான் ஃபெர்னாண்டஸ். பாட மட்டும் ஒரு வரிசை ஆட்கள்: சித்தார்த் மேனன், அனீஷ் கிருஷ்ணன், கிறிஸ்டின் ஜோஸ், பியூஷ் கபூர். கூடவே நரைத்த தலையோடு ஒரு பெரியவர். அவர் பீதாம்பரன் மேனன், கோவிந்தின் அப்பா. மகன் வாசிக்க அப்பா பாட, சுற்றிலும் இளவட்டங்கள் தலையாட்ட, ராக் இசை என்றாலே வீட்டை எதிர்த்துக்கொண்டு வெளியேறும் பிள்ளைகளின் சமாச்சாரம் என்று நினைத்திருந்த எங்களுக்கு அந்தக் காட்சியே ஒரு புது அனுபவம்.

பழைய திரைப்பாடல்களைக் கோத்து அவர்கள் பாடிய ‘நொஸ்டால்ஜியா’ கேரளம் முழுக்கப் பரவியது. மீன்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகும் ‘ஃபிஷ் ராக்’ கல்லூரிப் பையன்களின் கூட்டப்பாட்டு ஆனது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுப்பார். ஒரு தொண்டை கனமாக இருக்கும், அடுத்தது மெலிந்து மேலே போகும், மூன்றாவது இந்துஸ்தானி பாணியில் வழுக்கிக்கொண்டு வரும். பத்துக்கும் மேற்பட்டவர்கள் நிற்கும் மேடையில் யார் தலைவர் என்று தெரியாது. எனக்குப் பிடித்ததே அதுதான்.

2015இல் ‘நவரசம்’ வந்தது. தலைப்புப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டும். கதகளியின் ஒன்பது ரசங்களைச் சுற்றிப் பின்னிய பாட்டு அது. குரல் சோபான சங்கீதத்தின் சாயலில், அவசரமே இல்லாமல் ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து நிறுத்திப் பாடுகிறது. அடியில் கிட்டார், டிஸ்டார்ஷன் போட்டு, ஒரு சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்ப அடிக்கிறது. குரல் கிட்டாரின் வேகத்துக்கு இறங்கி வருவதில்லை. கிட்டாரும் குரலுக்காகத் தணிவதில்லை. இரண்டும் அவரவர் நடையில் போய் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன. கர்நாடக ராகத்தை எடுத்து மேலே டிரம்ஸ் தூவும் ‘ஃப்யூஷன்’ எத்தனையோ கேட்டிருக்கிறோம். இது அந்த வகை இல்லை.

அடுத்த தொகுப்பு ‘நமஹ’ 2019இல் வந்தபோதுதான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். டிரீம் தியேட்டர் குழுவின் ஜோர்டன் ரூடஸ் கீபோர்டு வாசித்தார். லாம்ப் ஆஃப் காட் குழுவின் டிரம்மர் கிறிஸ் ஆட்லர் வந்தார். மெட்டல் இசை கேட்பவர்களுக்கு இவை சாதாரணப் பெயர்கள் அல்ல. வாசிப்பில் ஒரு பிசிறு கிடையாது. தாளக்கட்டு நெளிந்து நெளிந்து எங்கெங்கோ போய்ச் சரியான இடத்தில் வந்து விழுகிறது. ‘நொஸ்டால்ஜியா’வுக்காக வந்தவர்கள் மிரண்டார்கள். பழையபடி பாடுங்களேன் என்று கேட்காத ஆளில்லை.

நான் அந்தத் தொகுப்பை முதலில் பூண்டுக் களத்தில் போட்டேன். இங்கே பூண்டைத் தாளோடு பிடுங்கி, கட்டுக் கட்டாகக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைப்போம். கட்டுகிற வேலைக்கு ஒரு நாள் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது பாட்டிலேயே சித்தி நிமிர்ந்து பார்த்து, “ஏம்ப்பா, யாரையோ போட்டு அடிக்கிற மாதிரி இருக்கே, நிறுத்து” என்றார். நிறுத்திவிட்டு, கோவிந்த் இசையமைத்த ‘96’ படத்தின் பாட்டுகளைப் போட்டேன். வயலின் வந்ததும் சித்தி கட்டின கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார். “ரெண்டும் ஒரே ஆளு வாசிச்சதுதான் சித்தி” என்றேன். நம்பவில்லை. “இவன் மனசு நொந்த புள்ள, அவன் கோவக்காரன்” என்றார்.

இரண்டு கட்சிக்காரர்களும் கவனிக்காத விஷயம் இதுதான். ‘நவரசம்’ 2015. ‘96’ வெளியானது 2018 அக்டோபர். ‘நமஹ’ 2019. நடுவில் இருக்கும் அந்தப் படத்தை விட்டுவிட்டு இரண்டு தொகுப்புகளை மட்டும் ஒப்பிட்டால் குழு திடீரென்று முரட்டுத்தனமாகிவிட்டதாகத்தான் தோன்றும். ஆனால் ‘நவரசம்’ காலத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்த இரண்டு குணங்கள் தனித்தனி வீடு பார்த்துக்கொண்டன என்றே நான் கேட்கிறேன். ஒற்றை வயலினை வைத்துக்கொண்டு நெஞ்சை அறுக்கும் குணம் சென்னைக்கு, தமிழ்த் திரைக்குக் குடிபோனது. அங்கே அதற்கு விஜய் சேதுபதியின் முகமும் த்ரிஷாவின் முகமும் இயக்குநர் பிரேம் குமாரின் நிதானமும் கிடைத்தன. 2024இல் அதே இயக்குநரின் ‘மெய்யழக’னில் அந்தக் குணம் இன்னும் முற்றி, கமல்ஹாசனைப் பாட வைத்துத் தஞ்சாவூர் வரைக்கும் போய்விட்டது. மென்மைக்குத் தனி இடம் கிடைத்துவிட்ட பிறகு, குழுவில் மிஞ்சியிருந்த கனம் கூச்சப்படாமல் கனமாக இருக்க முடிந்தது. கோவிந்த் அப்படித் திட்டமிட்டாரா என்பது என் கேள்வி இல்லை. வரிசையாகக் கேட்கும் எவர் காதுக்கும் இது விளங்கும்.

ஆகவே தைக்கூடம் பிரிட்ஜ் மென்மையை இழந்துவிட்டது என்று புலம்பும் நண்பர்களுக்கு நான் சொல்வது: அது தொலையவில்லை. நீங்கள் ஒவ்வொரு வீட்டுக் கல்யாணத்திலும் ரிங்டோனிலும் கேட்டு அழுதுகொண்டிருக்கிறீர்கள்.

மாற்றத்தை எதிர்க்கும் ரசிகனைக் கேலி செய்யவும் எனக்கு மனமில்லை. 1965இல் நியூபோர்ட் விழாவில் பாப் டிலன் எலெக்ட்ரிக் கிட்டாரோடு மேடையேறியபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டது. அடுத்த வருடம் மான்செஸ்டரில் ஒருவர் அவரைப் பார்த்து ‘யூதாஸ்’ என்று கத்தினார். காட்டிக்கொடுத்தவன் என்று திட்டும் அளவுக்கு ஒரு பாடகனிடம் ஒருவர் எதையோ ஒப்படைத்து வைத்திருந்தார் என்றுதானே அர்த்தம்? நம் ஊரிலும் 1992இல் ‘ரோஜா’ வந்தபோது ராஜாவின் ரசிகர்கள் பலர் ரஹ்மானின் கீபோர்டு சத்தத்தைச் சகிக்காமல் ரேடியோவை அணைத்தார்கள். முதலில் கேட்ட சத்தம் காதுக்குள் உட்கார்ந்துவிட்டால் அதை எழுப்புவது லேசில்லை.

இதற்கு 2022இல் நடந்ததைவிடப் பெரிய சான்று வேண்டாம். அந்த செப்டம்பர் கடைசியில் ‘காந்தாரா’ என்ற கன்னடப் படம் வெளிவந்தது. அஜனீஷ் லோக்நாத் இசையமைத்த ‘வராஹ ரூபம்’ பாட்டைக் கேட்டதுமே எங்கள் ஊர்ப் பையன்கள் ‘இது நவரசம் இல்லையா?’ என்று ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். குழுவும் அதையே சொன்னது. படக்குழு மறுத்தது. ராகம் ஒன்றாக இருப்பதால் வரும் ஒற்றுமை என்றார்கள். கோழிக்கோடு நீதிமன்றத்தில் தைக்கூடம் பிரிட்ஜும், பாலக்காடு நீதிமன்றத்தில் மாத்ருபூமியும் வழக்குத் தொடுக்க, அக்டோபர் இறுதியில் கோழிக்கோடு நீதிமன்றம் பாட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பரில் படம் ஓடிடிக்கு வந்தபோது அந்த இடத்தில் வேறு மெட்டு இருந்தது. அதே படம், அதே ரிஷப் ஷெட்டி, அதே தெய்வம். ஆனால் பார்த்தவர்கள் பொறுக்கவில்லை. பழைய சத்தத்தைத் திருப்பிக் கொடு என்று நாடெங்கும் குரல் எழுந்தது. வழக்கு கீழ்நீதிமன்றம், உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் என்று ஏறி இறங்கியது. பழைய பாட்டும் படத்துக்குத் திரும்பி வந்தது.

யார் பக்கம் நியாயம் என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த வாரங்களில் உறைத்தது வேறு. ராகத்துக்கு உரிமையாளர் கிடையாது, உண்மைதான். தோடியையோ முகாரியையோ யாரும் பட்டா போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் அசையாத குரலும் அசராத கிட்டாரும் ஒன்றையொன்று எங்கே சந்திக்க வேண்டும் என்ற தீர்மானம் இருக்கிறதே, அது ராகம் தந்தது இல்லை; ஒரு அறையில் உட்கார்ந்து சிலர் அலுக்காமல் வாசித்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. ஒரு குழுவின் ‘சவுண்ட்’ என்று நாம் சொல்வது அதைத்தான். ‘நவரசம்’ வெளிவந்து ஏழு வருடம் கழித்து, அந்தப் பாட்டின் பெயரே கேட்டிராத பலர் அதைத் தேடிக் கேட்டார்கள்.

என் மனக்குறை ஒன்று உண்டு. இரைச்சல் எனக்குக் குறையே இல்லை. ‘நமஹ’வின் கிட்டாரைக் காந்தலூர்க் குளிரில், விடியற்காலை வண்டியில் போகும்போது கேட்பது ஒரு சுகம். குறை, தொண்டைகளின் எண்ணிக்கையில். வெளிநாட்டு வித்துவான்கள் வந்தபோது ஒவ்வொரு பாட்டிலும் விருந்தாளிக்கு நடு ஆசனம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஜோர்டன் ரூடஸ் வாசிக்கும் அந்தச் சில நிமிடம் அபாரம். ஆனால் அதே சில நிமிடத்தில்தான் முன்பெல்லாம் ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்து, மூன்றாமவர் கெடுத்து, நாலாமவர் சரிசெய்து பாடுவார்கள். அந்தக் குழப்பத்தை எந்த மேதையாலும் ஈடுகட்ட முடியாது. சித்தார்த் மேனனும் குழுவை விட்டுத் தன் வழியில் போய்விட்டார். ‘நொஸ்டால்ஜியா’ மேடையில் நான் பார்த்த கூட்டம், சந்தைக்குப் போகும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வரும் கூட்டம் மாதிரி, இடமில்லாவிட்டாலும் எல்லாருக்கும் இடமிருந்த கூட்டம். ‘நமஹ’வில் எல்லாருக்கும் அளந்து இருக்கை போட்டிருக்கிறார்கள்.

பழைய பாட்டுகளையே பாடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இன்னும் கனமாக வாசிக்கட்டும், தாளத்தை இன்னும் முறுக்கட்டும், இன்னும் தொலைவிலிருந்து ஆள் கூட்டி வரட்டும். அடுத்த தொகுப்பில் ஒரே ஒரு பாட்டில் மட்டும், விருந்தாளி யாரும் இல்லாமல், குழுவில் பாடத் தெரிந்த அத்தனை பேரும், பீதாம்பரன் மேனன் உட்பட, வரிசையாக வந்து பாட வேண்டும். அந்தப் பாட்டை நான் பூண்டுக் களத்தில் சித்திக்கு எதிரிலேயே போடுவேன்.