பண்டிகை வேண்டாம் என்ற பக்தர்கள்

1621 டிசம்பர் 25. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பிளிமத் என்ற சின்னஞ்சிறு குடியிருப்பு. முந்தைய ஆண்டு மேஃபிளவர் கப்பலில் வந்து இறங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரை முதல் குளிர்காலமே கொண்டுபோயிருந்தது. மிஞ்சியவர்களுக்கு ஓய்ந்திருக்க நேரமில்லை. ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு அன்றும் வழக்கம்போல் எல்லோரையும் வேலைக்குக் கூப்பிட்டார். சுமார் ஒரு மாதத்துக்கு முன் ஃபார்ச்சூன் கப்பலில் வந்து சேர்ந்த 35 பேரில் பெரும்பாலோர் மட்டும் தயங்கி நின்றார்கள். கிறிஸ்து பிறந்த நாளில் வேலை செய்ய மனசாட்சி இடம் தரவில்லை என்றார்கள்.

பிராட்ஃபோர்டு வற்புறுத்தவில்லை. மனசாட்சியின் காரியம் என்றால், தெளிவு வரும்வரை இருங்கள் என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு வேலைக்குப் போனார். நண்பகலில் திரும்பியபோது அவர்கள் தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுச் சாமான்களைப் பறித்துக்கொண்டு அவர் சொன்னார்: மற்றவர்கள் உழைக்கும்போது நீங்கள் விளையாடுவதற்கு என் மனசாட்சி இடம் தரவில்லை. பக்திக்காக என்றால் வீட்டுக்குள் இருங்கள், தெருவில் கேளிக்கை வேண்டாம். நடந்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார்.

இரு தரப்பும் தொழுதது ஒரே கடவுளை, வாசித்தது ஒரே வேதத்தை. இருவரும் சொன்ன காரணமும் ஒன்றுதான். கிறிஸ்துமஸை வேண்டாம் என்பவர்கள் யார் என்று கேட்டால் பலருக்கு நாத்திகரோ வேற்று மதத்தவரோதான் நினைவுக்கு வருவார்கள். ஆனால், அந்தப் பண்டிகையை வரலாற்றில் மிகத் தீவிரமாக எதிர்த்தவர்கள் வேதமும் ஜெபமுமாக வாழ்ந்த கிறிஸ்தவர்களே. அவர்களின் வாதத்தைக் காது கொடுத்துக் கேட்காமல் ‘வறட்டுப் பிடிவாதக்காரர்கள்’ என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

வேதத்தில் இல்லாத தேதி

அவர்களின் முதல் கேள்வி மிக எளியது. இந்த நாளைக் கொண்டாடச் சொன்னது யார்?

மத்தேயுவும் லூக்காவும் இயேசுவின் பிறப்பை விவரிக்கிறார்கள். ஆனால் மாதமோ நாளோ சொல்லவில்லை. தம்முடைய மரணத்தை நினைவுகூரும்படி அப்பத்தையும் பாத்திரத்தையும் கையில் எடுத்துக் கட்டளையிட்ட இயேசு, தம் பிறந்தநாளைப் பற்றி எதுவும் சொன்னதாக நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை. அப்போஸ்தலர்கள் கொண்டாடியதாகவும் இல்லை. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வேத அறிஞர் ஓரிகன், வேதத்தில் பிறந்தநாள் விருந்து வைத்தவர்கள் பார்வோன், ஏரோது போன்றவர்களே என்று சுட்டிக்காட்டினார்.

டிசம்பர் 25 என்ற தேதி தெளிவாகக் கிடைப்பது, ரோமில் 354ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டித் தொகுப்பில். அதே தொகுப்பின் இன்னொரு பகுதியில் அதே தேதி, ரோமர்கள் வணங்கிய ‘வெல்லப்படாத சூரிய’னின் பிறந்தநாளாகவும் வருகிறது. அஞ்ஞானிகளின் விழாவுக்குக் கிறிஸ்துவின் பெயரைச் சூட்டிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இதுவே ஆதாரமாகக் காட்டப்படுகிறது. இதற்கு எதிர்வாதமும் உண்டு. இயேசு கருவில் உருவானதும் சிலுவையில் மரித்ததும் ஒரே தேதியில், அதாவது மார்ச் 25இல் என்று ஆதிச் சபையில் சிலர் கணக்கிட்டார்கள், அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணித்தான் டிசம்பர் 25 வந்தது என்று 1889இல் பிரெஞ்சு அறிஞர் லூயி டுஷேன் எழுதினார். அறிஞர்களிடையே விவாதம் இன்றும் முடியவில்லை. ஆர்மீனியத் திருச்சபையோ ஜனவரி 6ஆம் தேதியைத்தான் பிறப்பின் நாளாக ஆசரிக்கிறது.

தேதியைவிட ஆழமானது கொள்கைச் சிக்கல். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தம் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்தபோது, பிரிந்தவர்களுக்குள்ளேயே இரண்டு பாதைகள் உருவாயின. வேதம் விலக்காததை வைத்துக்கொள்ளலாம் என்றது மார்ட்டின் லூத்தரின் வழி. அவர் கிறிஸ்துமஸை நேசித்தார், அதற்காகப் பாட்டும் எழுதினார். வேதம் கட்டளையிடாத எதுவும் ஆராதனைக்குள் நுழையக்கூடாது என்றது ஜெனிவாவின் சீர்திருத்தவாதி ஜான் கால்வினைப் பின்பற்றியவர்களின் வழி. 1550இல் ஜெனிவா நகரம் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற திருநாள்களை எல்லாம் நீக்கியது.

நாள்களையும் மாதங்களையும் காலங்களையும் பார்ப்பவர்களைக் கலாத்தியர் நிருபத்தில் பவுல் கடிந்துகொண்டது இவர்களுக்குப் பெரிய பலம். ‘கடவுள் நமக்கு ஆண்டுக்கு 52 பரிசுத்த நாள்களைத் தந்திருக்கிறார். ஐம்பத்து மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க மனிதன் யார்?’ இதுதான் அவர்களுடைய வாதத்தின் சாரம்.

பண்டிகையின் பெயரும் அவர்களை உறுத்தியது. கத்தோலிக்கரின் ‘மாஸ்’ என்ற திருப்பலி அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. இங்கிலாந்தில் கால்வினின் வழியில் நடந்த பியூரிட்டன்களில் சிலர் அந்தச் சொல்லை நாவில் எடுக்கவும் விரும்பாமல் மாற்றுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பண்டிகை நடந்த விதமோ அவர்களை இன்னும் வருத்தியது. அன்றைய இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் பன்னிரண்டு நாள் கொண்டாட்டம். குடி, சூதாட்டம், வேடம் கட்டிக் கூத்து என்று பொழுது போனது. கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி, ஆண்டு முழுவதும் செய்யத் துணியாத பாவங்களை இந்தப் பன்னிரண்டு நாளில் செய்கிறார்கள் என்று பியூரிட்டன் போதகர்கள் மனம் நொந்து எழுதினார்கள்.

சட்டம் வந்தது, கலவரமும் வந்தது

மனசாட்சியின் கையில் அதிகாரம் கிடைத்தபோது கதை மாறியது. இங்கிலாந்தில் மன்னரோடு போரிட்டுக்கொண்டிருந்த, பியூரிட்டன்கள் செல்வாக்குப் பெற்ற நாடாளுமன்றம், 1644 டிசம்பர் 25ஐ உபவாச நாளாக அனுசரிக்க உத்தரவிட்டது. 1645இல் வந்த புதிய ஆராதனை ஒழுங்கு, திருநாள்களுக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. 1647 ஜூனில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே ஆகிய மூன்று திருநாள்களும் சட்டப்படி ஒழிக்கப்பட்டன. வேலைக்காரர்களும் தொழில் பயிலும் பையன்களும் ஓய்வை இழக்கக்கூடாது என்று, ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை விடுமுறையாக்கப்பட்டது. ‘கிறிஸ்துமஸைத் தடைசெய்தவர் ஆலிவர் கிராம்வெல்’ என்று பரவலாகச் சொல்லப்பட்டாலும், இந்தச் சட்டங்கள் அவர் நாட்டின் தலைமைக்கு வருமுன்னே நாடாளுமன்றம் கொண்டுவந்தவை.

மக்கள் இதை ஏற்கவில்லை. 1647 கிறிஸ்துமஸ் அன்று கேன்டர்பரி நகர மேயர், வழக்கம்போல் சந்தை நடக்கவேண்டும் என்றார். திறந்த கடைகளைக் கூட்டம் சூறையாடியது. தெருக்களில் கால்பந்து உருண்டது, வாசல்களில் பச்சைக் கொப்புகள் கட்டப்பட்டன, மேயரே அடித்துத் தள்ளப்பட்டார். அடுத்த ஆண்டு, கேன்டர்பரி இருக்கும் கென்ட் மாவட்டம் முழுவதும் நாடாளுமன்றத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததற்கு இந்தக் கலவரமும் ஒரு பொறி.

பத்தாண்டு கழித்தும் நிலைமை மாறவில்லை. 1657 டிசம்பர் 25 அன்று ஜான் எவலின் என்ற நாட்குறிப்பாளர் தன் மனைவியுடன் லண்டனில் ஒரு சிற்றாலயத்துக்குப் போனார். திருவிருந்து நடந்துகொண்டிருக்கும்போது படைவீரர்கள் ஆலயத்தைச் சூழ்ந்தார்கள். அப்பம் வாங்க முன்னே வந்தவர்களை நோக்கித் துப்பாக்கிகள் நீண்டன. ஏன் இந்த நாளை ஆசரித்தீர்கள் என்று எவலினை அதிகாரிகள் விசாரித்து, பின் விட்டுவிட்டார்கள். தங்கள் மனசாட்சியை மன்னரும் பேராயர்களும் நெரிப்பதாகக் கண்ணீர் விட்ட ஒரு இயக்கம், திருவிருந்துப் பந்திக்கு எதிரே துப்பாக்கியை நிறுத்தும் இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. 1660இல் மன்னராட்சி திரும்பியதும் பண்டிகையும் திரும்பியது.

அட்லான்டிக் கடலுக்கு அப்பால் மாசசூசெட்ஸில் 1659இல் ஒரு சட்டம் வந்தது. வேலையை நிறுத்தியோ விருந்துண்டோ கிறிஸ்துமஸைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். லண்டனின் நெருக்குதலால் 1681இல் அந்தச் சட்டம் நீங்கியது. ஆனால் மனம் மாற நெடுநாள் ஆனது. 1686இல் மன்னர் அனுப்பிய ஆளுநர் எட்மண்ட் ஆண்ட்ரோஸ், பாஸ்டனில் படைவீரர் காவலோடுதான் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போகவேண்டியிருந்தது. அந்த மாநிலம் கிறிஸ்துமஸைப் பொது விடுமுறை ஆக்கியது 1856இல்தான்.

ஸ்காட்லாந்தின் நீண்ட மௌனம்

எதிர்ப்பு மிக ஆழமாக வேரோடிய நாடு ஸ்காட்லாந்து. 1560இல் சீர்திருத்தம் வென்றதுமே அங்கே திருநாள்கள் விலக்கப்பட்டன. கொண்டாடியவர்களைச் சபை மூப்பர்கள் அழைத்து விசாரித்தார்கள். 1618இல் மன்னர் ஆறாம் ஜேம்ஸ் கிறிஸ்துமஸை மறுபடி திணிக்க முயன்றார். 1638இல் கிளாஸ்கோவில் கூடிய திருச்சபைப் பேரவை அதைத் தூக்கி எறிந்தது. 1640இல் நாடாளுமன்றமும் கிறிஸ்துமஸ் கால விடுமுறையை ரத்து செய்தது.

தடை பிற்காலத்தில் நீங்கியது, பழக்கம் நீங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கே பலருக்கு டிசம்பர் 25 ஒரு வேலை நாள். கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது 1958இல். இடைப்பட்ட காலத்தில் குளிர்கால மகிழ்ச்சியெல்லாம் ஆண்டின் கடைசி இரவுக்கு நகர்ந்தது. ‘ஹோக்மனே’ எனப்படும் ஸ்காட்லாந்தின் புத்தாண்டுக் கொண்டாட்டம் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு இது முக்கியக் காரணம். ஸ்காட்லாந்தின் ஃப்ரீ பிரெஸ்பிட்டீரியன் சபை இன்றும் கிறிஸ்துமஸை ஆசரிப்பதில்லை.

எதிர்ப்பின் குரல் எல்லா இடத்திலும் ஒரே சுருதியில் ஒலிக்கவில்லை. எல்லா நாளும் கடவுளுடைய நாளே என்பதால் தனி நாள் வேண்டாம் என்றார்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். யெகோவாவின் சாட்சிகள் நியூயார்க்கில் புரூக்ளினிலிருந்த தங்கள் தலைமையகத்தில் கடைசியாகக் கிறிஸ்துமஸ் கொண்டாடியது 1926இல். லண்டனின் புகழ்பெற்ற பாப்டிஸ்ட் போதகர் சார்லஸ் ஸ்பர்ஜன் நடுவழியில் நின்றார். அந்த நாளுக்கு வேத ஆதாரம் இல்லை என்று 1871 டிசம்பர் 24 அன்று பிரசங்க பீடத்தில் வெளிப்படையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, அன்றைய செய்திக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் கிறிஸ்துவின் பிறப்புதான்.

நம் தெருவிலும்

தமிழ்நாட்டுக்கு இந்த விவாதம் புதிதல்ல. பெந்தெகொஸ்தே, சகோதர சபை மரபுகளைச் சேர்ந்த பல சபைகளில் கிறிஸ்துமஸ் ஆராதனை இல்லை. டிசம்பர் பிறந்ததும் நெல்லை, தூத்துக்குடி, குமரித் தெருக்களில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும், குடில் எழும்பும், இரவில் கீத பவனி வரும். நடுவே ஒரு வீட்டு வாசல் மட்டும் இருட்டாக இருக்கும். ‘அவங்க விசுவாசிங்க, கொண்டாட மாட்டாங்க’ என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். உள்ளே இருப்பவர்கள் எரேமியா 10ஆம் அதிகாரத்தில் காட்டு மரத்தை வெட்டி அலங்கரிப்பது பற்றி வருவதை எடுத்துக்காட்டுவார்கள். அந்தப் பகுதி மரத்தில் விக்கிரகம் செதுக்குவதைப் பற்றியது, கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றியதல்ல என்பது மறுதரப்பின் பதில்.

வலி மிகுவது குடும்பத்துக்குள் இந்தப் பிளவு வரும்போது. சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்து பெந்தெகொஸ்தே சபைக்குப் போன மகன் புத்தாடை வேண்டாம் என்கிறான். முறுக்கும் அதிரசமும் சுட்டு வைத்துக் காத்திருக்கும் தாய்க்கு அது மகனே தன்னை வேண்டாம் என்பதுபோல் கேட்கிறது. மகனுக்கோ, தான் கண்ட சத்தியத்துக்காக வீட்டார் தன்னைப் பழிக்கிறார்கள் என்ற தவிப்பு. இருவருமே பொய் சொல்லவில்லை. இருவரும் அவசியம் சேர்ந்து வாசிக்கவேண்டிய பகுதி ரோமர் நிருபத்தின் 14ஆம் அதிகாரம். ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறவரையும் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறவரையும் பவுல் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறார். அவரவர் தம் மனதில் நிச்சயப்படட்டும், ஒருவரை ஒருவர் தீர்ப்பிட வேண்டாம் என்கிறார். கேன்டர்பரி மேயரும் லண்டன் படைவீரர்களும் அவர்களை எதிர்த்துக் கடை உடைத்தவர்களும் மறந்துபோன அதிகாரம் அது.

டிசம்பர் 31 இரவு பத்து மணிக்கு அந்த இருண்ட வீட்டின் கதவு திறக்கும். ஸ்காட்லாந்தைப் போலவே இங்கும், கிறிஸ்துமஸை விட்ட சபைகள் பலவற்றில் ஆண்டின் கடைசி இரவு ஆராதனையும் புத்தாண்டு வாக்குத்தத்த வசனமும் உண்டு. வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்தபடி வெள்ளை உடையில் ஒரு குடும்பம் படியிறங்கும். ஸ்டார் இன்னும் எரிந்துகொண்டிருக்கும் எதிர்வீட்டிலும் அதே நேரத்தில் கதவைப் பூட்டிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் ஆலயத்தில் நள்ளிரவு மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று.