இசைத்தட்டின் காலமும் சுருதியும் பாவமும்

ஒரு பாட்டைக் கேட்டதும், 'இது உற்சாகமானது', 'இது துயரமானது' என்று நாம் தயங்காமல் கூறிவிடுகிறோம். அவ்வாறு கூறும்போது பாட்டை இயற்றியவரின் கருத்தைச் சொல்கிறோமா, அல்லது நம் வீட்டுக் கருவியின் ஓட்டத்தைச் சொல்கிறோமா? ஆசிரியனாகிச் சில ஆண்டுகள் கழியும்வரை எனக்கு இந்த ஐயம் எழுந்ததே இல்லை. அதை எழுப்பியவன் என் வகுப்பு மாணவன் ஒருவன்.

மேலை நாட்டில் ஆப்பரெட்டா என்று ஒரு நாடக வகை உண்டு. ஆப்பரா என்னும் பெரிய இசை நாடகத்துக்கு அதைத் தங்கை எனலாம். பாட்டோடு உரையாடலும் நடனமும் நகைச்சுவையும் கலந்து வரும். இவ்வகையில் தலைசிறந்தவற்றுள் ஒன்று, இளைய யோஹான் ஸ்ட்ராஸ் இயற்றிய 'டீ ஃப்ளெடர்மவுஸ்'. 'வௌவால்' என்பது அதன் பொருள். 1874 ஏப்ரல் 5 அன்று வியன்னா நகரத்துத் 'தியேட்டர் அன் டெர் வீன்' அரங்கில் அது முதன்முதலாக மேடையேறியது. கார்லோஸ் கிளைபர் என்னும் இசை நடத்துநர் 1975இல் மியூனிக் நகரில் பவேரிய அரசு இசைக்குழுவைக் கொண்டு அதனைப் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டு நண்பர் ஒருவர் வாயிலாக என் கைக்கு வந்தது. அதைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன்.

திரை விலகுமுன் ஏறத்தாழ 8 நிமிடம் வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் முன்னிசை இருக்கிறது. அது ஏ மேஜர் சுருதியில் அமைந்தது. நம் வழக்கில் சொன்னால் ஆதார ஷட்ஜம் 6 கட்டை. சுர வரிசை ஏறக்குறைய சங்கராபரணம். நான் வகுப்பில் விளக்கினேன்: "இது 6 கட்டைச் சுருதி. ஆயினும் பாருங்கள், வியன்னா நகரத்தார் களிப்பிலும் நிதானம் இழக்காதவர்கள். உள்ளே சிறு சோர்வு இழையோடுகிறது." இந்த விளக்கத்தில் எனக்கு மிகுந்த பெருமை இருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். பள்ளி வழிபாட்டில் ஹார்மோனியம் வாசிப்பவன் அவன். "ஐயா, பெட்டியில் வைத்துப் பார்த்தேன். 6 கட்டை ஒட்டவில்லை, 5½ கட்டையில்தான் சேர்கிறது" என்றான். வகுப்பு சிரித்தது. "உன் பெட்டியைப் பழுது பார், தம்பி" என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன். அவன் முகம் வாடிவிட்டது.

அன்று மாலை நானே ஹார்மோனியத்தின் முன் அமர்ந்து சோதித்தேன். பையன் கூறியதே சரி. பிறகு தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சுற்றுகளை எண்ணினேன். அத்தகைய தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழல வேண்டும். அதாவது 3 நிமிடத்தில் 100 சுற்று. எனக்குக் கிடைத்தது 94! அக்காலத்தில் எங்கள் ஊரில் மின் அழுத்தம் பகலெல்லாம் தாழ்ந்தே கிடக்கும். கருவியின் மோட்டாரோ மலிவானது. அதன் எண்ணெயும் காய்ந்திருந்தது. நான் வகுப்பில் விளக்கிய 'வியன்னாவின் சோர்வு' உண்மையில் எங்கள் ஊர் மின்கம்பியின் சோர்வு.

இதன் கணக்கு எளிது. தட்டின் பள்ளத்தில் அலைகள் பொறிக்கப்பட்டுள்ளன. தட்டு மெதுவாகச் சுழன்றால், ஒரு நொடியில் ஊசியைக் கடக்கும் அலைகள் குறைகின்றன, சுருதி தாழ்கிறது. அதே அளவில் காலப்பிரமாணமும் தளர்கிறது. இரண்டையும் பிரிக்க இயலாது. அரைக் கட்டை என்பது அதிர்வெண்ணில் ஏறத்தாழ 6 விழுக்காடு. நொடிக்கு 440 அதிர்வுள்ள சுரம் 415 ஆகிவிடும். 8 நிமிட இசை அரை நிமிடம் நீளும். குரல்களும் கனத்து ஒலிக்கும், ஏனெனில் குரலின் தன்மையைக் காட்டும் மேலதிர்வுகளும் சேர்ந்தே இறங்குகின்றன.

இசை நடத்துநர் வேகத்தைக் குறைப்பது வேறு. முன்னிசையில் வால்ட்ஸ் என்னும் மூன்றடி நடன மெட்டு வரும் இடத்தில் கிளைபர் தாளத்தைச் சற்றே இழுத்துப் பிடித்து, பின்பு நழுவ விடுகிறார். அங்கே காலம் தளர்கிறது. சுருதியோ மயிரிழையும் அசைவதில்லை. காலம் மட்டும் தளர்ந்தால் அது மனிதனின் செயல் என்றும், சுருதியும் சேர்ந்து தாழ்ந்தால் அது இயந்திரத்தின் செயல் என்றும் கொள்ளலாம். இன்றைய கணினிகள் சுருதியைத் தொடாமலே காலத்தை நீட்டுகின்றன. ஆகவே இந்த உரைகல் இசைத்தட்டுக்குத்தான் பொருந்தும்.

ஆனால் ஒன்று எனக்கு வியப்பளித்தது. முதல் அங்கத்தில் மூவர் பாடும் பாட்டு ஒன்று உண்டு. ஐசன்ஸ்டைன் என்னும் செல்வர் 8 நாள் சிறைவாசத்துக்குப் புறப்படுகிறார். மனைவி ரோசலிண்டா பிரிவை நினைத்து மைனர் சுருதியில் மெல்லப் புலம்புகிறாள். உண்மையில் அவர் செல்வது முதலில் ஒரு விருந்துக்கு. பணிப்பெண் அடேலேயும் அதே விருந்துக்குப் போகிறாள். ரோசலிண்டாவைத் தேடியோ பழைய காதலன் வரவிருக்கிறான். மூவருக்கும் உள்ளூர மகிழ்ச்சி! ஆதலால் புலம்பல் முடியுமுன்பே கால்கள் ஆடத் தொடங்குகின்றன. இசை துள்ளலான மேஜருக்குத் தாவிவிடுகிறது. அழுகைக்கும் ஆட்டத்துக்கும் இடையே உள்ள இந்தப் பாய்ச்சலே நகைச்சுவை. எங்கள் மெதுவான கருவியிலும் மாணவர்கள் அந்த இடத்தில் சரியாகச் சிரித்தார்கள். காரணம், கருவி இரண்டு பகுதிகளையும் ஒரே விகிதத்தில் தாழ்த்தியதால் அவற்றின் வேற்றுமை குலையவில்லை. முன்னிசையின் மினுமினுப்பு மங்கியது. நாடகத்தின் கேலி பிழைத்துக்கொண்டது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து இசைத்தட்டுகளில் இச்சிக்கல் இன்னும் கடினமானது. '78 சுற்று' என்று நாம் பொதுவாக அழைக்கும் தட்டுகள் பல, 78இல் பதிவானவை அல்ல. ஆராய்ச்சியாளர்கள் இசையேட்டில் உள்ள சுருதியோடு ஒப்பிட்டுச் சரியான வேகத்தைக் கணிப்பார்கள். பாடகர் தம் குரலுக்கு ஏற்பச் சுருதியை இறக்கிப் பாடியிருந்தால் அக்கணக்கும் பொய்த்துவிடும். அப்போது குரலின் இயல்பான ஒலியே துணை.

மோட்டாருக்கு எண்ணெய் இட்டு, மறுநாள் விடியற்காலையில், மின் அழுத்தம் சீராக இருந்த வேளையில், அந்தப் பையனை வரவழைத்து எண்ணச் சொன்னேன். 3 நிமிடத்தில் 100 சுற்றுக்குச் சற்றே குறைந்தது. ஹார்மோனியத்தில் 6 கட்டையை அழுத்தினான்; இரண்டும் இணைந்தன. வகுப்பு கூடியதும் அனைவர் முன்னிலையிலும் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். பிறகு முன்னிசையை மறுபடியும் போட்டோம். சோர்வு எதுவும் காதில் விழவில்லை. நான் ஒட்டிய காகிதத் துண்டு அந்தத் தட்டின் ஓரத்தில் இன்றும் இருக்கிறது.