உங்களுக்குத் தெரியுமா? பிரசவத் தேதி விரல்விட்டு எண்ணும் கணக்குதான்!

காட்டுப்பள்ளியில் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எனும் அரசுப் பதிவு எண் வாங்கப் போனால், கிராம சுகாதாரச் செவிலியர் கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதியைக் கேட்பார். அதோடு 7 நாள் கூட்டி, 3 மாதம் பின்னால் போய், ஓர் ஆண்டு கூட்டுங்கள். ஜூன் 10 என்றால், அடுத்த மார்ச் 17. மொத்தம் 280 நாள். 28 நாள் மாதமாக எண்ணினால் நம் பாட்டிமார் சொன்ன அதே பத்து மாதம்!

ஜெர்மானிய மருத்துவர் நேகலேயின் பெயரால் வழங்கும் இக்கணக்கு, 28 நாள் சுழற்சிக்கே பொருந்தும். சுழற்சி தவறுபவர்களுக்கு முதல் மூன்று மாத ஸ்கேனே நம்பகமானது. தேதி பிசகாமல் பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. ஆனால் 37 வாரம் முடியுமுன் வலி வந்தால் அது குறைப்பிரசவ வலியாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.