தீ வைத்தால் பூக்கும் புல்வெளி!

தீ எரிந்த இடத்தில் என்ன மிஞ்சும்? கரியும் சாம்பலும்தான் என்போம்.

பிரேசில் நாட்டில் தீ அணைந்த மறுநாளே பூ!

செராடோ என்பது அந்தப் புல்வெளியின் பெயர். பரப்பு, ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோ மீட்டர். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோணல் மரங்கள். மற்றதெல்லாம் புல். மழைக்காலம் தொடங்கும்போது இடி விழும்; காய்ந்த புல் பற்றிக்கொள்ளும். மனிதன் தோன்றும் முன்பே நடந்துவரும் கதை இது.

அங்கே ஒரு கோரைச் செடி உண்டு. தீயில் கருகிக் கட்டையாக நிற்கும். செத்துவிட்டது என்றே தோன்றும். ஆனால், 24 மணி நேரத்துக்குள் அதில் பூ தலைகாட்டும்! 2019-ல் விஞ்ஞானிகள் இதை எழுதி வெளியிட்டனர்.

மண்ணுக்குள் உயிர்

தீ மேலேதான் பாயும். மண்ணில் நாலு விரற்கடை ஆழத்தில் சூடு அதிகம் ஏறாது. கிழங்கும் வேரும் அங்கே பத்திரமாக இருக்கும்.

பூக்க வைப்பது எது? வெப்பமா, சாம்பல் உரமா?

சாவோ பாலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கூட்டினோ 1970-களில் இதை ஆராய்ந்தார். சில செடிகளுக்குத் தீயே வைக்காமல், தரையோடு வெட்டிப் பார்த்தார். அவையும் பூத்தன! தழை போனதே போதுமாக இருந்தது.

செடிக்கும் லாபம் உண்டு. உயரமான புல் இல்லாத வெட்டவெளியில் தேனீக்கள் பூவை எளிதில் காணும். விதையும் தடையின்றிக் காற்றில் பறக்கும்.

தங்கப்புல்

இந்தப் பூவை நம்பிக் குடும்பங்களும் இருக்கின்றன.

செராடோவில் ஜலப்பாவ் என்றொரு பகுதி. அங்கே மும்பூக்கா என்ற சிற்றூர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தவர்கள் வாழும் ஊர். பெண்கள் தங்கப்புல்லில் கூடையும் தொப்பியும் செய்து விற்கிறார்கள். (பேச்சுக்குத்தான் புல், தாவர நூலார் அதைப் புல் இனத்தில் சேர்ப்பதில்லை.) பொன்போல மின்னும் பூத்தண்டைச் சுருட்டி, பனை நாரால் தைப்பார்கள்.

எரித்த மறு ஆண்டுதான் தங்கப்புல் மிகுதியாகப் பூக்கும். ஆகவே, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அது வளரும் ஈர நிலத்துக்குத் தீ வைப்பது வழக்கம்.

வந்தது தடை! 2001-ல் அரசு அங்கே காப்பகங்கள் அமைத்தது. தீ வைக்கக் கூடாது என்றது.

பூ இல்லாவிட்டால் கூடை ஏது?

வேறொரு வினையும் வந்தது. எரியாத புல் காய்ந்து குவிந்தது. வறட்சியின் கடைசியில் தீப்பிடித்தபோது அணைக்க முடியவில்லை. ஆற்றோரக் காடுகளும் கருகின. அந்த மரங்களுக்குத் தீயைத் தாங்கும் சக்தி கிடையாது.

ஊரார் சொன்னதில் நியாயம் உண்டு என்பது அதிகாரிகளுக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. 2014 முதல் இரு தரப்பும் கலந்து பேசி, புல்லில் ஈரம் இருக்கும்போதே சிறு சிறு பகுதியாக எரிக்கத் தொடங்கினார்கள். 2024 ஜூலையில் இதற்குச் சட்டமும் வந்தது.

அறுவடைக்கும் விதி உண்டு. செப்டம்பர் 20-க்கு முன் தங்கப்புல்லைப் பறிக்கக் கூடாது. பறித்ததும் பூந்தலையைக் கிள்ளி அங்கேயே தூவிவிட வேண்டும். விதை அதில்தான் இருக்கிறது.