ஏறலையா, நிக்கலையா?

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார். “பேட்டரி போயிருச்சுப்பா. கடைக்காரன் கையில வாங்கின உடனே சொல்லிட்டான். 1,800 ரூபா ஆகுமாம்.”

உள்ளே டீ கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு அவசரம் இல்லை, அவருக்கும் இல்லை.

“சார்ஜ் ஏறலையா சித்தப்பா, நிக்கலையா?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

இல்லை. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் நல்ல பேட்டரியைக் கழற்றி எறிகிறோம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்போம்? கரன்ட் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா, பைப்பில் அடைப்பா. தொட்டியை யாரும் சந்தேகப்பட மாட்டோம். ஏறிய தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்துபோனால்தான் தொட்டியில் ஓட்டையா, யாராவது குழாயைத் திறந்து விட்டார்களா என்று தேடுவோம். போனில் மட்டும் எது நடந்தாலும் ‘பேட்டரி போச்சு.’

சித்தப்பா யோசித்தார். “ஏறலை. ராத்திரி பூரா போட்டாலும் 20-தான் காட்டுது. அசைச்சு அசைச்சு வெச்சா ஏறுது.”

அசைத்தால் ஏறுகிறது என்ற அந்த ஒரு சொல்லிலேயே பேட்டரி பாதி விடுதலை ஆகிவிட்டது. பேட்டரிக்கு வெளியில் நடக்கும் அசைவு தெரியாது. எங்கேயோ தொடர்பு விட்டு விட்டு வருகிறது.

வெளியிலிருந்து உள்ளே போவதுதான் முறை. சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் தளர்ந்திருக்கலாம். அதே பாயின்ட்டில் இஸ்திரிப் பெட்டியைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்தது அடாப்டர். அதன்பின் கேபிள். மூன்றில் அதிகம் சாவது கேபிள்தான், அதுவும் கழுத்துப் பகுதியில். சார்ஜில் போட்டபடியே படுத்துக்கொண்டு பேசுகிறோமே, அப்போது மடங்குவது அந்த இடம். ரப்பர் வெளியில் நன்றாக இருக்கும். உள்ளே செம்புக் கம்பி இழை இழையாக அறுந்திருக்கும்.

கேபிளுக்குள் மின்சாரத்துக்கென்று கம்பிகள் உண்டு. சார்ஜரும் போனும் பேசிக்கொள்வதற்கென்று வேறு கம்பிகள் உண்டு. பேச்சா என்று சித்தப்பா கேட்டார். பேச்சேதான். இந்தக் காலத்து வேக சார்ஜர், செருகிய உடனே முழு மின்சாரத்தையும் தள்ளாது. ‘உனக்கு எவ்வளவு வேண்டும், எவ்வளவு தாங்குவாய்’ என்று கேட்கும். போன் பதில் சொன்ன பிறகுதான் கொடுக்கும். பதில் வரவில்லை என்றால் 5 வோல்ட்டில் கொஞ்சமாகக் கசியவிடும். அதனால் பேசும் கம்பி அறுந்தாலும், ஒரு கம்பெனிக்கே உரிய வேக சார்ஜரை வேறு கம்பெனி போனில் மாட்டினாலும், பெரும்பாலும் விளைவு ஒன்றுதான்: ஏறும், ஆனால் ஆமை வேகத்தில். மகளின் 80 வாட் சார்ஜரை மாட்டினேன், அப்போதும் மெதுவாகத்தான் ஏறுகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் போதும். 

கணக்கும் சுலபம். 5,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கும் பேட்டரியில் சுமார் 19 வாட் மணி அடங்கும். பழைய கம்ப்யூட்டரின் யூஎஸ்பி துளை தருவது 2.5 வாட். அதில் மாட்டினால் காலியிலிருந்து நிறைய எட்டு மணி நேரம் போதாது. 10 வாட் அடாப்டர் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல், மூன்றுக்குள். (சார்ஜ் போட்டால் கரன்ட் பில் ஏறும் என்று பாதியில் பிடுங்குகிறவர் சித்தப்பா. வீணாவதையும் சேர்த்து ஒரு முழு சார்ஜுக்கு ஆவது ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்கு என்று சொன்னேன். நம்பிய மாதிரி தெரியவில்லை.)

என் கேபிளை மாட்டிப் பார்த்தோம். அதுவும் அசைத்தால்தான் ஏறியது. ஆக கேபிள் இல்லை, போனின் வாய்.

டீ வந்தது. போனை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் துளையைக் காட்டினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, அதுதான் ஏமாற்றும். நல்ல துளையில் கேபிள் ‘டக்’ என்று உட்காரும், வெளியே உலோகம் தெரியாது. இவருடையதில் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றது. சட்டைப் பையில் இருக்கும் பஞ்சு, நூல்துகள், தூசி எல்லாம் துளைக்குள் விழும். ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அதைக் கிட்டித்துக் கிட்டித்து ஆழத்தில் தட்டையாக அமுக்கிவிடுவோம். ஒரு வருடத்தில் அது கம்பளி மாதிரி ஆகிவிடும். அழுக்கு என்றே தோன்றாது, போனின் அடிப்பாகம் போலவே இருக்கும்.

சித்தி தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். டைப்-சி துளையின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கிறது. மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு என்று 24 தொடுமுனைகள் அதில். ஊக்கு, ஊசி, ஹேர்பின் எதுவானாலும் அந்த நாக்கைக் கீறும், அல்லது இரண்டு முனைகளைச் சேர்த்து ஷார்ட் ஆக்கும். வாயால் ஊதுவதும் கூடாது, எச்சில் ஈரம் போகும். தென்னந்துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, நுனியைச் சீவித் தட்டையாக்கினேன். நாக்கைத் தொடாமல் ஓரச் சுவரை ஒட்டி உள்ளே விட்டு, மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். குத்தக் கூடாது. நாலாவது இழுப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு சுருள் வந்தது. ஐந்தாவதில் இன்னொன்று.

“இத்தனையுமா உள்ள இருந்துச்சு?” என்று சித்தப்பா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

இதோடு சேர்த்து ஈரத்தையும் சொல்லிவிட வேண்டும். மழையிலோ வியர்வையிலோ துளை நனைந்தால் சில போன்கள் நீர்த்துளிப் படம் காட்டி சார்ஜை மறுக்கும். அது கோளாறு இல்லை. ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் தொடுமுனைகள் அரித்துப் பச்சை பூக்கும். அதைத் தடுக்கத்தான் அந்த மறுப்பு. துளை கீழே பார்க்கும்படி சாய்த்து, காற்றாட வைத்துக் காத்திருங்கள். அரிசி டப்பாவில் புதைக்காதீர்கள். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் எழுதியிருக்கிறது.

போனை இயக்கிக் கேபிளைச் செருகினோம். டக். மின்னல் குறி வந்தது. சித்தப்பா அசைத்துப் பார்த்தார், போகவில்லை.

“அப்ப பேட்டரி நல்லா இருக்குன்னு சொல்றியா?”

அப்படியும் சொல்ல முடியாது. ஏறுவது சரியாகிவிட்டது. நிற்கிறதா என்பது தனிக் கேள்வி, போனுக்கு நாலு வயதாகிவிட்டது வேறு.

லித்தியம் அயான் பேட்டரியை முதலில் கடைக்குக் கொண்டுவந்தது சோனி, 1991-இல். அதற்கு அடித்தளம் போட்ட ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. குடினஃபுக்கு அப்போது 97 வயது. பேட்டரிக்குள் ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் கோபால்ட் கலந்த உலோக ஆக்சைடு, நடுவில் மெல்லிய திரை. சார்ஜ் ஏறும்போது லித்தியம் கிராஃபைட் பக்கம் வந்து உட்காரும். போனைப் பயன்படுத்தும்போது திரும்பிப் போகும். இந்தப் போக்குவரத்தில் ஒவ்வொரு முறையும் துளியளவு லித்தியம் கிராஃபைட்டின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டுவிடும். அது இனி எதற்கும் உதவாது. அதாவது தொட்டியில் ஓட்டை விழவில்லை. தொட்டியே வருடா வருடம் சின்னதாகிறது.

எவ்வளவு சீக்கிரம்? 500 முழுச் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதம் மிஞ்சும்படி வடிவமைத்ததாக ஆப்பிள் தன் பழைய ஐபோன்களுக்குச் சொல்கிறது. ஐபோன் 15 முதல் 1,000 சுற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் 800 சுற்று தாங்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. சுற்று என்பது எத்தனை தடவை செருகினோம் என்ற எண்ணிக்கை இல்லை. இன்று 50, நாளை 50 ஏற்றினால்தான் ஒரு சுற்று. சித்தப்பா தினமும் பாதி செலவழிக்கிறார். நாலு வருடத்தில் எழுநூற்றுச் சொச்சம். முழுசாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்று அவர் இன்றும் பிடிவாதமாக இருப்பது நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது கெடுதல்தான்.

ஆனால் சுற்றுகளைவிடப் பேட்டரியைத் தின்பது வெக்கை. இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டும். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரைக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம் சித்திரையில் வீட்டு நிழலே 35-ஐத் தாண்டும். சார்ஜ் ஏறும்போது போன் தானாகவும் சூடாகும். அதற்கு மேல் ரப்பர் உறை, அதற்கு மேல் தலையணை, அதில் வீடியோ வேறு. மே மாத மதியம் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வழிகாட்டிப் படத்தை ஓடவிட்டு சார்ஜிலும் போடுவதைப் போல ஒரு பேட்டரிக்கு வேறு கொடுமை செய்ய முடியாது. வெயில் நாளில் 80-இல் சார்ஜ் நின்றுபோனால் பதற வேண்டாம். சூடு தணியட்டும் என்று போனே நிறுத்திவைத்திருக்கும். உறையைக் கழற்றி ஃபேனுக்குக் கீழே வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

வெயில் இல்லாத நாளிலும் கடைசி 20 சதவீதம் இழுத்து இழுத்துத்தான் ஏறும். டவுன் பஸ்ஸில் முதல் முப்பது பேர் ஏறிவிடுவது எளிது. கடைசிப் பத்துப் பேரைக் கண்டக்டர் ‘உள்ள போ, உள்ள போ’ என்று நெருக்க வேண்டியிருக்கும். அந்த நெருக்கடியில் அதிக நேரம் நிற்பதும் பேட்டரிக்கு ஆகாது. அதனால்தான் பல போன்களில் 80-இல் நிறுத்தும் வசதி வைத்திருக்கிறார்கள். வீட்டிலேயே இருப்பவர் அதைப் போட்டுக்கொள்ளலாம். நாள் முழுக்க வெளியில் அலைபவர் நூறு வரை ஏற்றட்டும். போனுக்காக நாம் இல்லை.

“முப்பது காட்டிக்கிட்டே இருந்துட்டு பொசுக்குனு அணையுதே, அது என்ன?”

இது நல்ல கேள்வி. உப்புத் தண்ணீர் ஊர்களில் பைப்புக்குள் வெள்ளையாகப் படிந்துபோகும் இல்லையா? குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் ஒழுங்காக வரும். முழுக்கத் திறந்தால் அழுத்தம் செத்துவிடும், தொட்டியில் தண்ணீர் இருந்தாலும்கூட. வயதான பேட்டரிக்குள்ளும் அதே மாதிரி தடை கூடிவிடுகிறது. சும்மா இருக்கும்வரை வோல்ட் தாங்கும். கேமராவைத் திறந்ததும் திடீரென்று நிறைய மின்சாரம் கேட்கும், வோல்ட் சரியும், போன் அணைந்துவிடும். இப்படி அணையாமல் இருக்க ஆப்பிள் பழைய ஐபோன்களின் வேகத்தையே சத்தமில்லாமல் குறைத்திருந்தது. 2017 டிசம்பரில் அதை ஒப்புக்கொண்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 ஆக இறக்கியது. போன் மெதுவாகிவிட்டது என்று புதிது வாங்கக் கிளம்பிய எத்தனையோ பேருக்குப் புதுப் பேட்டரியே போதுமாக இருந்தது.

திரையில் தெரியும் சதவீதமும் அளந்து பார்த்த அளவு இல்லை, போன் போடும் கணக்குதான். பேட்டரிக்கு வயதாக ஆகக் கணக்கு பிசகும். எப்போதாவது ஒருமுறை தானாக அணையும்வரை விட்டு, இடைவிடாமல் நூறு வரை ஏற்றினால் கணக்கு கொஞ்சம் நேராகும். இதை வாராந்தர விரதமாக்க வேண்டாம்.

திறந்து கிடக்கும் குழாய்களை, அதாவது சார்ஜைக் குடிக்கும் ஆப்களை, செட்டிங்ஸில் பேட்டரிப் பக்கம் பெயரோடு காட்டிக்கொடுக்கும். பலரும் கவனிக்காத ஒன்று சிக்னல். சித்தப்பாவின் தோட்டத்தில் ஒரு கோடுதான் வரும். எட்டாத டவரை எட்டிப் பிடிக்க போன் தன் ரேடியோவை உரக்கக் கத்தவைக்கும். பேசாமலே சார்ஜ் கரையும். தோட்டத்தில் இருக்கும்போது டேட்டாவை நிறுத்திவைக்கச் சொன்னேன்.

பொறுமையே கூடாத இடம் ஒன்று இருக்கிறது. போனின் முதுகு உப்பினாலோ திரை ஓரம் தூக்கினாலோ உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள். அணைத்து நேராக சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். 2016-இல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்ததற்கு, பேட்டரியின் ஒரு மூலை நசுங்கியிருந்ததும், வேறொரு ஆலையின் பேட்டரியில் வெல்டிங் பிசிறு நீட்டிக்கொண்டிருந்ததும்தான் காரணமென்று அந்த நிறுவனம் பிறகு விளக்கியது. அந்த மெல்லிய திரை எந்த ஓரத்தில் கிழிந்தாலும் உள்ளேயே ஷார்ட்தான். பாதி விலைக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத பேட்டரியை நான் தொடமாட்டேன் என்பதற்கும் இதுவே காரணம்.

“இப்ப நான் மாத்தணுமா, வேண்டாமா?”

ஒரு வாரம் பாருங்கள் என்றேன். காலையில் நூறில் எடுத்துப் போனால் சாயங்காலம் விளக்கு வைக்கிற வரைக்கும் தாங்குகிறதா, நடுவில் பொசுக்கென்று அணைகிறதா, இரண்டு மட்டும் பாருங்கள். தாங்கினால் விட்டுவிடுங்கள்.

டம்ளரின் அடியில் மிஞ்சிய டீயில் ஆடை கட்டியிருந்தது. சித்தப்பா போனை எடுத்து 34 ஆகியிருப்பதைப் பார்த்தார். உள்ளங்கையில் அந்தச் சாம்பல் சுருள் இன்னும் இருந்தது.

“ஏம்ப்பா, புதுப் பேட்டரிக்கு அவன்கிட்ட 500 ரூபா அட்வான்ஸ் குடுத்துட்டேனே” என்றார்.